லீற்றருக்கு இருபது

எங்கள் ஒழுங்கையில் அவருடைய கார் வருவது அதன் சத்தத்தில் தெரியாது. பின்னால் வருகிறவர்கள் அடிக்கிற ஹோர்னில்தான் தெரியும். வெள்ளவத்தைக் காலி வீதியில் பஸ்களுக்கு நடுவே அந்தச் சின்னச் சாம்பல் நிறக் கார் யாரையும் முந்தாமல் வந்து எங்கள் ஒழுங்கைக்குத் திரும்பும்போது, பின்னால் ஒரு ஓட்டோவும் இரண்டு மோட்டார் சைக்கிளும் கட்டாயம் கத்திக்கொண்டு நிற்கும். அவர் கண்ணாடியில் பார்த்து ஒரு கையைத் தூக்குவார். மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்காது. 'கேட்டது, இருங்கோ' என்கிற மாதிரி இருக்கும்.

பெயரை எழுதினால் போன் எடுத்து ஏசுவார். ஆகவே எல்லாரும் கூப்பிட்டதுபோல அக்கா என்றே எழுதுகிறேன்.

நாங்கள் அந்த ஃபிளாட்ஸில் மூன்றாம் மாடி. அக்கா கீழ்த்தளம், தனியாக. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். தாயும் தம்பி குடும்பமும் அங்கேதான். கத்தோலிக்கர். ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு அங்கே போய், தாயோடு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார். கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், கேட்ட கேள்வியை அந்தரத்தில் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த புதிதில், படிக்கட்டில் அவரைக் கண்டு இரண்டு வார்த்தை கதைத்துவிட்டு, போகிற போக்கில் "ஒருநாளைக்குச் சாப்பிட வாங்கோ அக்கா" என்றேன். எல்லாரும் சொல்கிறதுதான். சில நாள் கழித்து மணி அடித்தது. வாசலில் அக்கா.

"சாப்பிட வரச் சொன்னனீங்கள். என்ன நாள் எண்டு சொல்லேல்ல. அதான் கேட்டுப்போக வந்தனான்."

நான் தடுமாறி, வெள்ளிக்கிழமை என்றேன். வெள்ளிக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தார், கையில் ஒரு பெரிய பலாப்பழப் பாதியோடு. வந்து சாப்பிட்டு, சம்பலில் புளி கூடிப்போச்சு என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

அவரோடு பழகப் பழக எனக்கு விளங்கிய ஒரே விஷயம் இதுதான்: ஒருவர் வாயால் ஒன்றைச் சொன்னால் அது நடக்கவேண்டும் என்று அக்கா நம்பினார். கல்யாண அட்டையில் ஆறரை மணி என்று போட்டிருந்தால் ஆறரைக்குப் போய், கதிரைகளுக்கு உறை போடுகிற பெடியளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருப்பார். பைப் திருத்துகிறவர் 'நாளைக்கு வாறன்' என்றால், மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் கதிரை போட்டுக் காத்திருப்பார். வராவிட்டால் அடுத்த நாள் அவருடைய வீட்டைத் தேடிக்கொண்டு போவார், சண்டைக்கு அல்ல, சுகமில்லையோ என்று பார்க்க. அந்த மனுசன் பிறகு எங்கள் ஒழுங்கையில் யாருக்கும் 'நாளைக்கு' என்று சொல்வதை விட்டுவிட்டார்.

காரின் கதையும் அதுதான்.

அதை வாங்கும்போது விற்றவர், "லீற்றருக்கு இருபது கிலோமீற்றர் போகும் மிஸ்" என்று சொல்லியிருக்கிறார். கொம்பனிக் கடதாசியிலும் அப்படித்தான் அச்சடித்திருந்ததாம். அக்கா அதை நம்பி வாங்கினார். முதல் மாதங்களில் டாங்கை நிரப்பி ஓடிப் பார்த்தால் பதினொன்றுதான் போனது. காலமையில் காலி வீதி, பின்னேரம் காலி வீதி, ஒரு கலர் லைட்டிலிருந்து அடுத்த கலர் லைட்டுக்கு நின்று நின்று போகிற ஓட்டம். வேறு யாராக இருந்தாலும் ஊர் வழக்கம் என்று விட்டிருப்பார்கள். அக்கா காரை எடுத்துக்கொண்டு வாங்கின இடத்துக்கே போனார்.

அவர்கள் தேத்தண்ணீர் கொடுத்து இருத்தி விளக்கினார்களாம். "அது கொம்பனி டெஸ்ட் மிஸ். ட்ரபிக் இல்லாத ரோட்டில, ஏசி போடாம, ஒரே ஸ்பீடில ஓடிப் பாக்கிறது."

"அப்ப நீங்கள் எனக்கு ரோட்டையும் சேர்த்தெல்லோ வித்திருக்கவேணும்" என்று அக்கா சொன்னார்.

அவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. இதை எனக்குச் சொன்னபோதும் சிரிக்கவில்லை.

"சொன்ன மனுசன் அந்த வேலையை விட்டுப் போயிட்டாராம். கார்தான் மிச்சம் இருக்கு. அப்ப கார்தான் செய்யவேணும்" என்றார்.

அன்றிலிருந்து அந்தக் காரை அதன் சொல்லைக் காப்பாற்ற வைப்பது அவருடைய வேலையாகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவார். அக்சலரேட்டரில் கால் வைப்பது, வெந்நீரின் சூடு பார்க்கக் கால்விரலை வைப்பதுபோல இருக்கும். கண் எப்போதும் முன்னால் போகிற வாகனத்துக்கும் அப்பால், அதற்கும் அடுத்ததற்கு அப்பால். தூரத்தில் லைட் சிவப்பாக இருந்தால் இங்கேயே காலை எடுத்துவிடுவார். கார் தன் பாட்டில் உருண்டு போகும். போய்ச் சேரும்போது பச்சை விழுந்திருக்கும்.

"அங்க சிவப்பெண்டு தெரியுது. இப்ப அமத்திப் போட்டு, பிறகு பிரேக்கில கொண்டுபோய்க் கொட்டவோ?" என்பார்.

ரயில் கடவை மூடியிருந்தால் எஞ்சினை நிறுத்துவார். டயருக்குக் காற்றுப் பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் இல்லை. கடைக்குப் போகிற வேலை, வங்கி, மருந்துக்கடை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சுற்றில் முடிப்பார். கடற்கரையோரம் மரீன் டிரைவில் போகும்போது கண்ணாடியை இறக்கிவிடுவார். ஏசி என்று ஒன்று அந்தக் காரில் இருந்தது எனக்கு நெடுநாள் தெரியாது.

என் கணவருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவர் வங்கியில் வேலை செய்கிறவர். காலமையில் எங்கள் காரை எடுத்தால் பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் நாலு பேரை முந்தி, மூன்று பேரிடம் ஏச்சு வாங்கி, போய்ச் சேருகிறவர். ஒருநாள் எங்கள் கார் கராஜில் நின்றதால் அக்காவோடு போனார். பாதி வழியில், இங்கே கொஞ்சம் வேலையிருக்கிறது என்று பொய் சொல்லி இறங்கி, மிச்சத் தூரம் நடந்து போனாராம்.

"அந்தக் காரில நெடுக இருந்தா தாடி வளர்ந்திடும்" என்றார்.

நான் போயிருக்கிறேன், பல தடவை. கொட்டாஞ்சேனைக் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள் வரிசையாக நிற்கிற வீதியில், ஒரு லொறியின் பின்னால் அதே வேகத்தில் ஆடாமல் அசையாமல் போய்க்கொண்டிருந்தார். பட்டுச்சேலையில் வியர்த்துக் கொட்டியது. கோபம்கூட வந்தது. ஆனால் இறங்கியபிறகு யோசித்தால், வரும் வழியெல்லாம் நாங்கள் நன்றாகக் கதைத்திருந்தோம். ஒரு தடவைகூட என் உடம்பு முன்னால் தூக்கிப் போடவில்லை.

இவ்வளவும் செய்து அவருக்குக் கிடைத்தது பதினாறு. நல்ல நாளில் பதினேழு. இருபது வரவில்லை.

"வரும்" என்பார்.

பிறகு பெற்றோல் இல்லாமல் போன காலம் வந்தது. பெற்றோல் செட்டிலிருந்து தொடங்கிய வாகன வரிசை கடைகளைத் தாண்டி, ஒழுங்கை ஒழுங்கையாக வளைந்து நின்றது. ஆட்கள் காருக்குள்ளேயே படுத்து எழும்பினார்கள். பெற்றோல் கொண்டுவருகிற பவுசர் வருமாம், வராதாம் என்பதைத் தவிர ஊரில் வேறு கதை இல்லை. என் கணவரும் எங்கள் காரைக் கொண்டுபோய் வரிசையில் விட்டார். இரண்டு தடவை அவருடைய முறை வருவதற்கு முன்னால் முடிந்துவிட்டது என்று பலகை வைத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஏழு மாதம் முடிவதற்குள் தண்ணீர்க்குடம் உடைந்தது. அம்புலன்ஸ் வந்து ஏற்றிப்போனது. ஒப்பரேஷன் செய்து மகளை எடுத்தார்கள். உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்தால் அதற்குள் அடங்கக்கூடிய பிள்ளை. கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு.

கொஞ்ச நாளில் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். தாய்மாரின் அறையில் இடம் நெருக்கம், புதிதாக வருகிறவர்களுக்குக் கட்டில் வேண்டும். பிள்ளை அங்கேதான். ஆனால் ஒவ்வொரு நாளும் நான் வரவேண்டும் என்று நேர்ஸ் சொன்னார். பால் எடுத்துக் கொடுக்கவேண்டும், பிள்ளையை வெறும் நெஞ்சில் போட்டு அணைத்து வைத்திருக்கவேண்டும். "இந்தப் பிள்ளைக்கு இப்ப அதுதான் பெரிய மருந்து அம்மா" என்றார்.

ஆஸ்பத்திரி பொரளைப் பக்கம். பஸ்களில் ஆட்கள் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போனார்கள். வயிற்றில் தையலோடு அதில் ஏற முடியாது. எங்கள் ஒழுங்கை மூலையில் நிற்கிற ஓட்டோக்காரரிடம் கணவர் போய்க் கேட்டார். அவர் இரண்டு கையையும் விரித்து, "பெற்றோல் நே மஹத்தயா" என்றார், பெற்றோல் இல்லை ஐயா என்று. அவருடைய ஓட்டோவில் கோழிக் கூடு வைத்திருந்தார்கள்.

நான் ஹோலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அக்கா மேலே வந்தார்.

"ஆஸ்பத்திரிக்குக் காலமை எத்தனை மணிக்குப் போகவேணும்?"

"அக்கா, உங்களிட்டப் பெற்றோல்…"

"அரை டாங்குக்குக் கொஞ்சம் மேல இருக்கு."

கணவர், "அது நீங்கள் அம்மாவைப் பாக்கப் போறதுக்கு வைச்சிருக்கிறதெல்லோ" என்றார்.

"அம்மாட்ட நான் பஸ்ஸில போறன். அவவுக்கு நான் வந்தாக் காணும், கார் வரத் தேவையில்ல." பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளை எப்ப வீட்ட வருமெண்டு சொன்னவை?"

"தெரியாது அக்கா. ஒரு மாசமாவது ஆகுமாம்."

அவருடைய உதடு மெல்ல அசைந்தது. மனதுக்குள் ஏதோ கூட்டிக் கழிக்கிறார் என்று தெரிந்தது.

"சரி. பிள்ளை வீட்ட வரும்வரைக்கும் கார் ஓடும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பேன். கணவர் என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை நின்றுவிட்டது.

மறுநாளிலிருந்து ஓட்டம் தொடங்கியது. விடியற்காலை வெள்ளாப்பில் வெளிக்கிடுவோம். ஹெவ்லொக் வீதியால் திம்பிரிகஸ்யாய, நாரஹேன்பிட்டி, பொரளை. என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுக் காரைத் திருப்பிக் கொண்டுபோகமாட்டார். பக்கத்தில் அவருக்குத் தெரிந்த கன்னியாஸ்திரி மடம் ஒன்று இருந்தது, அதன் முற்றத்தில் நிழலில் விட்டுவிட்டு, நெருக்கியடித்துப் பஸ் பிடித்துக் கோட்டைக்கு வேலைக்குப் போவார். பின்னேரம் அதேபோல் பஸ்ஸில் தொங்கி வந்து, மடத்திலிருந்து காரை எடுத்து, என்னை ஏற்றுவார். வந்துபோக ஒரு நாளைக்கு ஒரே ஓட்டம். ஐம்பது வயது தாண்டிய மனுஷி. சேலைத் தலைப்பு கசங்கி, முகம் கறுத்து வந்து நிற்பார். களைப்பு என்று ஒரு சொல் சொன்னதில்லை.

கார்ப் பயணத்தில் என்னிடம் அவர் கேட்பது ஒன்றுதான். "இண்டைக்கு எவ்வளவு குடிச்சவ?" நான் சொல்வேன். முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு கரண்டிக் கணக்கில். அவர் தலையை ஆட்டிக்கொள்வார். பிள்ளைப் பிரிவுக்குள் தாய் தகப்பனைத் தவிர வேறு யாரையும் விடுவதில்லை. அக்கா வாசலோடு நின்றார்.

வீதிகள் வெறுமையாகக் கிடந்தன. ஹெவ்லொக் வீதியில் நாய்கள் நடுவில் படுத்திருந்தன. லைட்டுகள் யாருக்காகவோ மாறிக்கொண்டிருந்தன. ஒரு காலமை, பாதி வழியில், அக்கா திடீரென்று சொன்னார்:

"இப்பதான் அவங்கட ரோட்டு வந்திருக்கு."

"எவங்கட?"

"கொம்பனிக்காரர்ட."

நான் பெற்றோல் முள்ளைப் பார்த்தேன். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. "அப்ப இருபது போகுதோ அக்கா?"

"இருபதுக்குக் கொஞ்சம் மேல."

எத்தனை வருஷம் அதற்காகக் கால்விரலால் ஓட்டினார் என்று எனக்குத் தெரியும். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் மூடிக்கிடந்த கடைகளைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"சனம் இப்பிடிக் கிடந்தாத்தான் இது இருபது போகுமெண்டா, எனக்கு இந்த இருபது வேண்டாம் தங்கச்சி" என்றார்.

அந்த நாட்களில் நாலாம் மாடி ஐயா ஒருவர் அவரிடம் வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த மருமகனை விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடவேண்டும், எவ்வளவு கேட்டாலும் தருகிறேன் என்றார். படிக்கட்டில் நின்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கார் என்ர, ஐயா. பெற்றோல் என்ர இல்லை" என்றார் அக்கா. "அது மேல் வீட்டுப் பிள்ளைக்குச் சொன்னது. சொன்னதை எடுத்து இன்னொராளுக்குக் குடுக்க ஏலாது."

ஐயா திரும்பிப் படியேறினார். அக்கா பின்னால் கூப்பிட்டு, கொட்டாஞ்சேனையில் ஒருவர் வான் வைத்திருக்கிறார், டீசல், கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அன்று பின்னேரமே பஸ்ஸில் போய்க் கேட்டும் வந்தார். மருமகன் அந்த வானில்தான் போனார்.

ஒரு சனிக்கிழமை. எனக்கு முதல் நாள் லேசாகக் காய்ச்சல், பிள்ளைக்குத் தொற்றிவிடும், நாளைக்கு வரவேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கணவர் பெற்றோல் வரிசையில். பத்து மணியிருக்கும், போன் வந்தது. பிள்ளைக்கு மூச்சு விட்டு விட்டு நிற்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறோம், தாய் வந்தால் நல்லது என்றார்கள்.

நான் படியால் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அக்கா உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். நனைந்த சட்டையோடு, குளியலறைச் செருப்போடு சாவியை எடுத்தார்.

கெதியாப் போங்கோ என்று நான் சொல்லவில்லை. காலி வீதிக்கு ஏறியதும் அக்கா காலை அமத்தினார். எஞ்சின் கத்தியது. அந்தக் கார் அப்படிக் கத்தும் என்று எனக்குத் தெரியாது, அதற்கே தெரிந்திருக்காது. வளைவுகளில் நான் கதவோடு போய் மோதினேன். ஹோர்னில் இருந்து கையை எடுக்கவில்லை. சந்தியில் சிவப்பு விழுந்திருந்தது, இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டினார். வழி முழுக்க அவருடைய வாயில் மரியாள் செபம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்க மூச்சு எடுப்பது மட்டும் கேட்டது.

நான் ஓடிப்போனபோது மகளுடைய நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குறைமாதப் பிள்ளைகளுக்கு இப்படி வரும், மூச்சு விட மறந்துபோவார்கள், தட்டி ஞாபகப்படுத்தவேண்டும் என்று டொக்டர் சொன்னார். புதுக் குழாய் ஒன்று போட்டிருந்தார்கள். ஆபத்து நீங்கிவிட்டது என்று அவர் சொல்லும்வரை கண்ணாடிக்கு வெளியே முகமூடியோடு நின்றேன்.

வெளியே வந்தால் அக்கா வாங்கில் உட்கார்ந்திருந்தார். சட்டை காய்ந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"மூச்சு விடுறாவோ?"

"விடுறா அக்கா."

அவர் கண்ணை மூடி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அக்கா, பெற்றோல் நிறைய…"

"அதை விடுங்கோ. எரியத்தானே ஊத்தினது."

ஆனால் அவர் விடவில்லை. மறுநாள் நான் இறங்கி வந்தபோது அவருடைய முன்னறையில் காரின் பாதி கிடந்தது. மேலதிகச் சில்லு, ஜாக்கி, கால்விரிப்புகள், டிக்கியை மூடுகிற தட்டு.

"என்ன அக்கா இது?"

"பாரம்." என் தோளைப் பார்த்தார். "அந்த ஹான்ட்பேக்கில என்ன வைச்சிருக்கிறீங்கள், கல்லோ?"

கடைசிக் கிழமை முள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் மகளுடைய பெட்டிக்கு மேலிருந்த விளக்கைப் பார்ப்பேன், காரில் இந்த விளக்கைப் பார்ப்பேன். அக்கா அதைப் பார்க்கவே மாட்டார். முன்னால்தான் பார்ப்பார்.

மகளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொன்ன நாள் கணவரும் வந்திருந்தார். அக்கா வாசலில் காரோடு நின்றார். துணியில் சுற்றிய பிள்ளையோடு நான் கிட்டப் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "முதல் வீட்ட போவம், ஏறுங்கோ" என்றார். கணவர் முன்னால், நானும் பிள்ளையும் பின்னால்.

ஹெவ்லொக் வீதியில் கார் ஒரு தடவை இருமியது. பிறகு ஓடியது. காலி வீதிக்கு வந்து, எங்கள் ஒழுங்கைக்குள் மூக்கை விட்டதும் எஞ்சின் நின்றுவிட்டது.

ஒழுங்கை கடலைப் பார்த்துச் சரிவு. அக்கா கியரை எடுத்துவிட்டார். எஞ்சின் இல்லாமல் ஸ்டியரிங் இறுகிப்போயிருந்தது, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். சத்தமே இல்லாமல் கார் இறங்கியது. டயர் உருள்வதும் பிள்ளை மூச்சு விடுவதும் எனக்குக் கேட்டன. எங்கள் படலைக்குக் கொஞ்சம் முன்னால் நிலம் மட்டமானது. கார் மெதுவாகி மெதுவாகி நின்றது.

"காணும் அக்கா" என்றார் கணவர். "இறங்கி நடப்பம். இந்தா வீடு."

"ஒருத்தரும் இறங்கக் கூடாது." அக்கா ஸ்டியரிங்கை விடவில்லை. "வீட்ட வரும்வரைக்கும் எண்டெல்லோ சொன்னனான். இது வீடில்லை தம்பி. இது பக்கத்து வீட்டு மதில்."

கணவர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு தான் மட்டும் இறங்கி, பின்னால் போய்த் தள்ளத் தொடங்கினார். ஓட்டோக்காரர் கண்டுவிட்டு ஓடிவந்தார். நாலாம் மாடி ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து தோள் கொடுத்தார். கார் படலையைத் தாண்டி, உள்ளே வந்து, படிக்கட்டுக்கு நேரே நின்றது. அக்கா ஹான்ட்பிரேக்கை இழுத்தார்.

அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு மாதமும் அவர் காணாத முகம். நான் துணியை விலக்கினேன். நெடுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு சின்ன ஆளோ?" என்றார். "இவவுக்கோ இவ்வளவு பெற்றோல்?"

அப்படிச் சொல்லிக்கொண்டே அழுதார். நாங்கள் எல்லாரும் அழுதோம், ஓட்டோக்காரரும் சேர்த்து.

நன்றி சொல்ல நாங்கள் செய்த முயற்சிகள் ஒன்றும் சரிவரவில்லை. வாகனத்துக்கு இவ்வளவு என்று கோட்டா முறை வந்து பெற்றோல் கிடைக்கத் தொடங்கியதும் கணவர் ஒரு சேலையும் கேக்கும் வாங்கிக்கொண்டு போனார். கேக்கை வாங்கினார், சேலையைத் திருப்பித் தந்தார். "என்ன செய்தனான்? சொன்னனான், செய்தனான்" என்றார். அதற்கு மேல் கதைக்க விடவில்லை.

அடுத்த வருஷம் அவருடைய தாய் படுக்கையில் விழுந்தார். அக்கா வேலையை விட்டார், வெள்ளவத்தை வீட்டை விட்டார், காரைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கொட்டாஞ்சேனைக்கே போனார். 'கடைசிவரை நான் பாப்பன்' என்று தாய்க்கு எப்போதோ சொல்லியிருந்தாராம். அதையும் செய்தார். தூக்கி இருத்தி, துடைத்து, ஊட்டி, இரண்டு வருஷத்துக்கு மேல். நாங்கள் போகும்போதெல்லாம் ஒரு சுற்று மெலிந்திருப்பார். மகளை மடியில் வைத்து, "இப்ப எவ்வளவு குடிக்கிறவ?" என்று கேட்பார். அவள் நேசரிக்குப் போகத் தொடங்கிய பிறகும் அந்தக் கேள்வி மாறவில்லை.

போன மாதம் தாய் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் பூசை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். நாங்கள் போயிருந்தோம். தம்பி குடும்பம் வீட்டுக்கு வருகிறவர்களைக் கவனிக்க முன்னால் போய்விட்டது. பூசை முடிந்து, சேமக்காலையில் தாயின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு நின்ற அக்காவை, "எங்களோட வாங்கோ, கொண்டுபோய் விடுறம்" என்று கணவர் கூப்பிட்டார். பின் ஆசனத்தில் எனக்கும் மகளுக்கும் நடுவில் அமர்ந்தார். ஐந்து நிமிஷத்து ஓட்டம்தான். கார் முதல் வளைவு திரும்பியபோது அக்காவின் தலை என் தோளில் சாய்ந்தது.

அவர் காரில் நித்திரை கொண்டு நான் கண்டதில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. மகள் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டு வாசல் வந்தது. கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் நிறுத்தவில்லை. வாசலைத் தாண்டி, கோயில் பக்கமாக வளைந்து, முகத்துவாரம் வரை போய், கடலோரமாக ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பவும் அதே வீதிக்கு வந்தார். அக்கா எழும்பவில்லை. கணவர் மறுபடியும் வாசலைத் தாண்டினார். வாசலில் நின்ற தம்பி ஆச்சரியமாகப் பார்த்தார், நான் ஜன்னலால் கையைக் காட்டினேன். ஒரு தடவைகூட சடுதியாகப் பிரேக் போடாமல், பள்ளம் பார்த்து, மெல்ல மெல்ல அவர் ஓட்டிக்கொண்டேயிருந்தார்.

எத்தனையாவது சுற்றோ, தெருவிளக்குகள் எரியத் தொடங்கியபோது அக்கா கண் விழித்தார். கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்று விளங்காதவர்போல வெளியே பார்த்தார்.

"என்ன தம்பி, இன்னும் வரேல்லையோ?"

"ட்ரபிக் அக்கா" என்றார் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். எங்களுக்கு முன்னால் வீதி நெடுக ஒரு சைக்கிள்கூட இல்லை. அக்கா அந்த வீதியைப் பார்த்தார். கணவரின் பிடரியைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"ஓம்… இருக்கும்" என்றார். திரும்பவும் என் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.